பந்து நிற்க ஓர் இடம்

(ஆம்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசைப் பெரியவர்களுக்கும், பின்னால் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், ஷூ கம்பெனி வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்த தாய்மார்களுக்கும் என் அன்பு.

கால்பந்து பற்றிப் பேச இவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் கோச் இல்லை. முப்பது வருடம் நகராட்சிகளில் குழாய் போட்டவன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவோடு நின்றுபோகிறது, சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஒரு கேள்வி பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு வருகிறது. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக ஊர்கள். ஊருக்கு ஊர் பந்து உதைக்கிற பிள்ளைகள். இருந்தும் தேசிய லீக்கில் ஆடுகிற ஒரு கிளப் இந்தப் பாலாற்றங்கரையிலிருந்து இதுவரை ஏன் எழவில்லை? குழாய் போட்ட கண்ணோடு பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் விடை கிடைத்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஆடிப் பழகியது பாலாற்று மணலில். கோடை விடுமுறையில், மணல் சூடு தணிந்த பிறகு, நாலு மணிக்கு மேல் இறங்குவோம். நாலு செருப்பை வைத்தால் இரண்டு கோல். மணலில் பந்து எழும்பாது, உருளவும் உருளாது. காலை அடியில் கொடுத்துத் தூக்கித்தான் அனுப்ப வேண்டும். அதனால் எங்கள் பையன்கள் எல்லோருக்கும் தூக்கி அடிக்க வரும், தலையால் முட்ட வரும். தரையோடு தரையாகப் பந்தைக் கொடுத்து வாங்க வராது. புல் தரை உள்ள ஊருக்கு மேட்சுக்குப் போனால் பாதி ஆட்டத்திலேயே கதை முடிந்துவிடும். பந்து எங்கள் காலுக்கு எட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், நாங்கள் அதன் பின்னால் ஓடுவோம். அப்படித் தோற்றுத் திரும்பிய ஒரு நாள், பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பி.டி. மாஸ்டர்தான் சொன்னார்: “டேய், உங்க காலு நல்ல காலுடா. தரைதான் சரியில்ல.”

அவர் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்று அன்று நினைத்தேன். அது எங்கள் ஆட்டத்தைப் பற்றிய சரியான கணிப்பு என்று பின்னால்தான் புரிந்தது. ஓர் ஊரின் தரை எப்படியோ அந்த ஊரின் ஆட்டமும் அப்படி.

பிறகு மணல் லாரிகள் வந்தன. நாங்கள் ஆடிய இடத்தில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. பள்ளம் போக மிஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பாலத்தில் நின்று அந்தச் செந்நீரைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. ஆறு தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. ஆற்றைக் கிரவுண்டு என்று நம்பிக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. ஊருக்குள் எங்களுக்கு இடம் இல்லாததால்தானே ஆற்றுக்குள் இறங்கினோம்?

இனி வெளியே ஒரு சுற்றுப் போய் வருவோம். தோல் வேலை செய்கிற ஊர்கள் நம் ஊர்கள் மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர். ஷூ தைப்பதற்குப் பேர்போன ஊர். 1897-இல் அங்கே தொடங்கிய கால்பந்து கிளப்புக்குப் பட்டப்பெயர் ‘காப்ளர்ஸ்’. செருப்பு தைக்கிறவர்கள் என்று அர்த்தம். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். நம் மண்ணில் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் மனிதர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். தோலைத் தொட்டவரைத் தொடமாட்டோம் என்றோம், அந்தத் தோலில் வந்த காசைத் தொட்டோம். அங்கே ஆயிரக்கணக்கான பேர் சனிக்கிழமை சாயங்காலம் அதே பெயரை மார்பில் போட்டுக்கொண்டு, நாங்கள் செருப்புத் தைக்கிறவர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஒரு கிளப் ஊருக்குக் கொடுக்கிற கோப்பைகளைவிட இது பெரியது என்று நான் நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த நார்தாம்ப்டன் கிளப்பின் கதை விசித்திரமானது. 1960–61-இல் நாலாவது டிவிஷனில் இருந்தவர்கள் மளமளவென்று ஏறி, 1965–66-இல் முதல் டிவிஷனில் ஆடினார்கள். இன்றைய பிரீமியர் லீக்குக்குச் சமமான இடம். ஒரே ஒரு வருடம் அங்கே இருந்தார்கள். 1969-க்குள் மறுபடியும் நாலாவது டிவிஷனுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் ஆடிய கவுண்டி கிரவுண்டு கிரிக்கெட்டோடு பங்கு போட்ட மைதானம். கால்பந்துத் திடலின் மூன்று பக்கம்தான் ஜனங்கள் நிற்க இடம். நாலாவது பக்கம் கிரிக்கெட் மைதானமாகத் திறந்து கிடக்கும். மான்செஸ்டர் யுனைடெட் வந்தாலும் லிவர்பூல் வந்தாலும் மூன்று பக்கம்தான். ஜெயிக்கிற டீமைப் பார்க்க வருகிற கூட்டத்தை வாசலில் நின்று டிக்கெட் வாங்கவைக்க, உட்கார வைக்க, அந்தக் காசில் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்க, அவர்களுக்கு நாலாவது பக்கம் இல்லை. கிளப் விழுந்ததற்கு மைதானம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏறிய இடத்தில் காலூன்றி நிற்கத் தரை வேண்டும், அது அவர்களிடம் இல்லை. அவ்வளவு சொல்லலாம்.

1994-இல்தான் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் என்ற புதிய மைதானத்துக்குப் போனார்கள். அதோடு துன்பம் தீர்ந்ததா? அந்த மைதானத்தை மேம்படுத்த 2013-இல் நகர மன்றம் 1 கோடிப் பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது. பணம் போய்விட்டது, கிழக்கு ஸ்டாண்டு அரைகுறையாக நின்றது, 2015-இல் கிளப்பையே இழுத்து மூடும் நிலை வந்தது. கைமாறித் தப்பித்தது. கட்டிடம் கட்டுவதும் ஊருக்கு மைதானம் கொடுப்பதும் வேறு வேறு வேலை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

அதே நாட்டில் வால்சால். குதிரைச் சேணம் செய்கிற தோல் ஊர். கிளப்பின் பட்டப்பெயர் ‘சேட்லர்ஸ்’, சேணக்காரர்கள். 1933 ஜனவரியில், நாட்டிலேயே பெரிய டீமாக இருந்த ஆர்சனலை எஃப்.ஏ. கோப்பையில் 2–0 என்று தோற்கடித்தார்கள். தொண்ணூறு வருடம் கழித்தும் அந்த ஊரில் அதைப் பேசுகிறார்கள். அன்று ஆடிய ஃபெல்லோஸ் பார்க் மைதானத்தை 1990-இல் விட்டுவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. புதிய மைதானம் ரயில் நிலையத்தை ஒட்டி, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். போய்வர வசதி. ஆனால் நிலத்தின் பத்திரம் பல வருடம் கிளப்பின் கையில் இல்லை. தங்கள் ஊரில், தங்கள் மைதானத்தில், வாடகை கொடுத்து ஆடினார்கள்.

பிரேசிலின் தெற்கில் நோவோ ஹம்பர்கோ. அந்த நாட்டின் ஷூ தலைநகரம் என்பார்கள். 1911 மே தினத்தன்று ஒரு ஷூ தொழிற்சாலையின் தொழிலாளர்கள் கூடி அங்கே கிளப் தொடங்கினார்கள். நூற்றாறு வருடம் காத்திருந்து, 2017-இல் இன்டர்நேஷனல் என்ற பெரிய கிளப்பை வீழ்த்தி மாநிலக் கோப்பையை எடுத்தார்கள். தொழிலாளர்கள் தொடங்கியது என்ற இடத்தை மட்டும் மனதில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன். ஜெர்மனியில் தோல் அருங்காட்சியகம் வைத்திருக்கிற ஒஃபன்பாக்கிலும் ஒரு கிளப் உண்டு. அதுவும் 1970-இல் அந்த நாட்டின் கோப்பையை வென்றது.

ஆக, தோலும் பந்தும் உறவுக்காரர்கள். பந்தே தோல்தானே? 1982 உலகக் கோப்பை வரைக்கும் தோல் பந்தில்தான் ஆடினார்கள். 1986-இல்தான் முழுச் செயற்கைப் பந்து வந்தது. ஷூ தைக்கத் தெரிந்த, பந்து ஆடத் தெரிந்த ஊர்களுக்குக் கிளப் இருக்கிறது. நமக்கு இல்லை.

ஏன் என்று கேட்டால், பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, எல்லோரும் கிரிக்கெட் பக்கம் போய்விட்டார்கள், போனை நோண்டுகிறார்கள் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, சைக்கிளில் வந்து, காலேஜ் கிரவுண்டு வாசலில் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்க் கட்டுப்பாடு பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

நம் ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. ஆறு போன திசையிலேயே ரயில் பாதை போனது. தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதுதான். பிறகு அது மேற்கே நீண்டு நம் ஊர்களைத் தொட்டது. அதே திசையில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஆறு, தண்டவாளம், சாலை மூன்றும் ஏறத்தாழ இணையாக ஓட, நடுவில் நசுங்கிக்கொண்டு ஊர் நீளவாக்கில் வளர்ந்தது. தோல் பதனிடும் டேனரிகளுக்குத் தண்ணீர் வேண்டும், அவை ஆற்றை ஒட்டி நின்றன. சரக்கு ஏற்ற வேண்டும், கிடங்குகள் ரயிலையும் சாலையையும் ஒட்டி நின்றன. மிச்சம் இருந்த சந்துபொந்தில் ஜனங்கள் குடியிருந்தார்கள். இப்படி வளர்ந்த ஊரில் சமமான இரண்டரை ஏக்கர் யாருக்கும் ‘சும்மா’ கிடைக்காது. சர்வதேச அளவுக் கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால் இரண்டரை. கேட்பது அவ்வளவுதான். மனை போட்டு விற்றால் அந்த இரண்டரை ஏக்கர் எத்தனை கோடி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதுதான் சங்கடம்.

நமக்கு மைதானமே இல்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகிவிடும். வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி, ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, கன்கார்டியா பள்ளி, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, வேலூரில் 1898-இலிருந்து இருக்கும் ஊரிஸ் கல்லூரி. தோல் வியாபாரிகளின் கொடையாலும் மிஷன்களின் உழைப்பாலும் வந்த இடங்கள். இந்தப் பகுதியில் கல்வியைக் காப்பாற்றியது போலவே பந்தையும் காப்பாற்றியது இத்தகைய கல்விக்கூடங்கள்தான். ஆனால் கல்லூரி மைதானம் கல்லூரிக்கு உரியது. பரீட்சை வந்தால் பூட்டு. விடுமுறை வந்தால் பூட்டு. இருபத்தொரு வயதில் பையன் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வருகிற அதே நாளில் மைதானமும் அவனை வெளியே அனுப்பிவிடுகிறது. கால்பந்துக்காரனுக்கு இருபத்தொன்று ஆரம்பம். இருபத்தொன்றிலிருந்து முப்பது வரைக்கும் அவனை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் கிளப். நம்மிடம் அறுந்து கிடக்கும் இடம் அதுதான்.

வேலூரில் நேதாஜி விளையாட்டு அரங்கம் இருக்கிறது. மாவட்டத்துக்கே பொது இடம். ஓட்டக்காரர்களுக்கு அது வேண்டும், குடியரசு தின அணிவகுப்புக்கு வேண்டும், அரசு விழாவுக்கு வேண்டும். விழாவுக்குப் பந்தல் கால் நட்ட குழியில் அடுத்த வாரம் ஆட்டக்காரனின் கணுக்கால் போகும். கவுண்டி கிரவுண்டின் நாலாவது பக்கம் நம்மிடம் இப்படி வேறு வேஷத்தில் இருக்கிறது. இப்போது மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் டர்ஃப்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ராத்திரி ஆடுகிறார்கள். ஆடட்டும், நல்லதுதான். ஆனால் காசு கொடுத்தவனுக்கு ஒரு மணி நேரம் சொந்தமாகிற இடத்தில் கிளப் முளைக்காது. ஐந்து பேர் ஆட்டத்துக்குப் போட்ட வலைக்கூண்டில் பதினோரு பேர் ஆட்டமும் பழகாது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தண்ணீர்.

புல் தரைக்கு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,140 சதுர மீட்டருக்கு 35,700 லிட்டர். இந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னோர் எண் சொல்கிறேன். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கும் கணக்கு. அப்படியானால் ஒரு டன் தோலுக்கு 35,000 லிட்டர். ஒரு மைதானம் ஒரு நாள் பச்சையாக இருப்பதற்கும் ஒரு டன் தோல் ஷூவுக்குத் தயாராவதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை ஆயிரம் மைதானங்களின் தண்ணீரை நாம் பெட்டியில் அடைத்துக் கப்பல் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்!

நான் தொழிலுக்கு விரோதி இல்லை. என் வீட்டுச் சோறும் இந்தத் தோலில் வந்த சோறுதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்திலிருந்து இது நம் தொழில். 1970-களில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்பாதே, முடித்த தோலாக, ஷூவாக அனுப்பு என்று கொள்கையை மாற்றியது. வேலை பெருகியது, ஊர் பெருகியது. குரோம் கலந்த கழிவுநீரும் பெருகியது. அதை வாங்கிக்கொள்ள ஏற்பாடு வரவில்லை. ஆறு வாங்கிக்கொண்டது, கிணறு வாங்கிக்கொண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பை இன்று நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டும் என்ற நியதி இந்திய மண்ணில் வேரூன்றியது நம் ஊர்ப் பெயரால்தான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். பத்து வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்த இடத்தில் நின்று புல்லைப் பற்றிப் பேசுகிறேனே என்று எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒரே மண்தான், ஐயா. நெல் கருகிய அதே மண்ணில்தான் பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்கிறான்.

தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறோம். அந்த உப்பு தண்ணீரோடு நிலத்தில் இறங்கினால் மண் களராகிறது. களர் மண் நனைந்தால் குழையும், காய்ந்தால் சிமெண்டுத் தரையாக இறுகும். அதில் பந்து தலைக்கு மேல் எகிறும். அதில் தினமும் ஓடுகிறவனுக்கு இருபது வயதிலேயே முழங்கால் போய்விடும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் “முட்டி போயிடுச்சு சார்” என்று சொல்லி ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள்! மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

வழி இல்லாமல் இல்லை. வெப்ப நாடுகளின் கால்பந்து மைதானங்களில் பெரும்பாலும் என்ன புல் போடுகிறார்கள் தெரியுமா? பெர்முடா என்று பெயர் சொல்லி விலைக்கு விற்கிறார்கள். நம் அருகம்புல்லும் அதன் ஒட்டு ரகங்களும்தான் அது. பிள்ளையாருக்கு நாம் வைக்கிற அருகு. ஓரளவு உப்பைத் தாங்கும், மிதித்தாலும் மறுபடி படரும். அருகுபோல் வேரோடி என்று நம் பெரியவர்கள் வாழ்த்தியது சும்மா இல்லை. அதற்கு விடுகிற தண்ணீருக்கும் குடிநீரில் கை வைக்க வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர் என்று கணக்கு வைத்துத்தான் நாங்கள் திட்டம் போடுவோம். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்று எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 108 லிட்டர். அப்படியானால் 330 பேரின் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்தால் ஒரு மைதானத்துக்குப் போதும். இரண்டு தெரு! டேனரித் தண்ணீரை இதில் கலக்கக் கூடாது. குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் சுத்திகரிப்புக்குப் பின் புல்லுக்குப் போகட்டும். முப்பது வருடம் குழாய் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், இது பெரிய வேலை இல்லை.

செயற்கைப் புல் போட்டால் தண்ணீர்த் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். மிசோரமில் அதைச் செய்தார்கள். அய்சால் 2011 கணக்குப்படி மூன்று லட்சம் பேர்கூட இல்லாத மலை நகரம். சமமான தரை என்பதே அங்கே அபூர்வம். அரசு செயற்கைப் புல் மைதானங்களைப் போட்டுக் கொடுத்தது, மழைக் காலத்திலும் ஆட முடிந்தது. 2017-இல் அய்சால் எஃப்.சி. தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றபோது நாடே வாய் பிளந்தது. அவர்களுக்கு அது பொருந்தியது. நம் வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் புல் மதியத்தில் தோசைக்கல்லாகக் காயும். அதைக் குளிரவைக்கவும் தண்ணீர்தான் அடிக்க வேண்டும். அவரவர் வானத்துக்கு ஏற்ற தரை.

சென்னையின் கதையும் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19 ஐ-லீக்கை வென்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தாண்டியது. 2019 மார்ச் 9 அன்று அந்தக் கோப்பையை உறுதி செய்த ஆட்டம் எங்கே நடந்தது? கோயம்புத்தூரில். சென்னையின் பெயரைச் சுமந்த கிளப் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, வேறோர் ஊரின் நேரு ஸ்டேடியத்தில் சொந்த ஆட்டங்களை ஆடியது. சொந்த ஊரில் ஒரு கிளப் வேர்விட எத்தனை வருடம், எத்தனை சாயங்காலம் வேண்டும்! அந்த வேருக்கு நேரமே கிடைக்கவில்லை. சில வருடத்தில் கிளப் தேசிய லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. கோப்பை வென்ற டீமுக்கே ஊரில் இடம் இல்லாவிட்டால் இதுதான் கதி என்றால், நம் பையன்கள் எம்மாத்திரம்?

சாயங்காலம் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மார்கழியில் நம் ஊரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து கேட்டைத் தாண்டும்போதே இருட்டு. பேரணாம்பட்டுப் பக்கமும் மாதனூர்ப் பக்கமும் போகிற கம்பெனி பஸ் வாசலில் நிற்கும். அதை விட்டால் வீடு போய்ச் சேர வழி கிடையாது. அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளியில் ஃபார்வர்டாக ஆடிய பெண் பதினெட்டு வயதில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் மெஷினில் உட்கார்கிறாள். அதோடு அவள் ஆட்டம் முடிந்தது. அவள் ஆட்டத்தை யாரும் தடுக்கவில்லை. பஸ் ஆறு மணிக்கு, அவ்வளவுதான்.

கடலூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின், மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அங்கே பெண் பிள்ளைகளைத் திரட்டிப் பழக்கினார். தங்க இடம், படிக்க வழி, ஆடத் தரை மூன்றையும் ஓர் இடத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் நாட்டுக்காக ஆடினார். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டத்தை மணிப்பூரைத் தோற்கடித்து வாங்கினார்கள். 2023-இல் மறுபடியும் வாங்கினார்கள். கடலோரக் குடிசைகளிலிருந்து வந்த பெண்களால் முடிந்தது. தினமும் ஐநூறு ஜோடி ஷூவுக்கு மெஷின் மிதிக்கிற கால்களால் முடியாதா?

அதனால் நான் ஸ்டேடியம் கேட்கவில்லை. கேலரி வேண்டாம், வளைவு வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். சிறு விளையாட்டரங்கம் கட்டத் தொகுதிக்கு 3 கோடி ரூபாய் என்று மாநில அரசே திட்டம் அறிவித்திருக்கிறது. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் எனக்கு வேண்டியது ஒரு பத்திரம். ஆம்பூரில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று, வேலூரில் ஒன்று, இரண்டரை ஏக்கர் நிலம் விளையாட்டுத் திடல் என்றே நகரமைப்பு வரைபடத்தில் பச்சை அடித்துப் பதிவாக வேண்டும். பந்தல் கால், பொருட்காட்சி, பஸ் நிலையம், எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். வால்சால்காரர்கள் வாடகை கட்டிக் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் சும்மாவே கற்றுக்கொள்ளலாம். இரண்டு தெருவின் சுத்திகரித்த தண்ணீர், நாலு கம்பத்தில் விளக்கு, வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிக்கு இன்னொரு டிரிப் அடிக்கிற கம்பெனி பஸ்.

இங்கே உட்கார்ந்திருக்கும் கம்பெனி முதலாளிகளிடம் உரிமையோடு சொல்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி வருடத்துக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர லாபம் வருகிற நிறுவனம் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கால்பந்து ஒலிம்பிக் விளையாட்டு. உங்கள் பாட்டனார்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் கல்லூரிக்கு நிலம் எழுதிக் கொடுத்தார்கள்.

தொழிலாளர்களிடமும் ஒரு வார்த்தை. நோவோ ஹம்பர்கோவை நினைவில் வைக்கச் சொன்னேன். அந்தக் கிளப்பை யாரும் மேலிருந்து கொடுக்கவில்லை. ஷூ தைத்தவர்கள் ஒரு விடுமுறை நாளில் கூடி ஆரம்பித்தார்கள். நமக்கும் மே தினம் உண்டு.

நேற்று இந்தக் கூட்டத்துக்காக வந்து இறங்கியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவன் என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். “தாத்தா, நாங்க ஆடுற கிரவுண்டு ஃபுல் சைஸ் இருக்குமா?” என்று கேட்டான். “அளந்து பாத்தியா?” என்றேன். “இல்ல தாத்தா. அளக்கணும்னு தோணவே இல்ல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது, வேலையில் இருந்தபோது வாங்கியது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மண்வெட்டி ஒன்று, மூடியோடு நாலு டப்பா கொண்டுவாருங்கள். நாலு மூலையிலும் ஓர் அடி ஆழம் தோண்டி மண் எடுப்போம். டப்பா மேல் தேதியும் மூலையும் எழுதி, திங்கட்கிழமை மண் பரிசோதனை நிலையத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.